காற்றடிக்கும் பம்ப்பும் வீட்டுக் கரண்டும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மத்தியானம் கதவைத் திறந்தால் அடுப்படிச் சூடு முகத்தில் அடிக்கிறது. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மட்டக்களப்பிலிருந்து காரில் வருகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று இந்த வெயிலில் வரப்போகிற வண்டிக்கு, புறப்படுமுன் ரயரைப் பார்க்க நினைத்தாயே, அது நல்ல காரியம்.

காரின் சிகரெட் லைற்றரில் செருகி ரயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ற் பம்ப்பை வீட்டுக் கரண்டில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஓட்டலாம். அதுதான் முறை என்றுகூடச் சொல்வேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் போட்ட காற்றழுத்த அளவு (பி.எஸ்.ஐ.), ஆறிய ரயருக்கு உரியது. கராஜ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனால் ரயர் சூடாகிவிடும். 32 பி.எஸ்.ஐ. உள்ள ரயரில் சூடு 10 பாகை கூடினால் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். அந்தச் சூட்டில் 32 காட்டுகிறதென்று விட்டால், மறுநாள் விடிய அது 30 அளவுக்கு இறங்கி நிற்கும். விடியற்காலை, வண்டி அசையாமல் நிற்கும்போது வாசலில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடில்லை. ஹைபிரிட் கார் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. அதிலுள்ள 12 வோல்ற் பற்றறி சின்னது. வண்டியை ஓன் பண்ணாமல் அதிலிருந்து பம்ப்பை ஓட்டினால் பற்றறி இறங்கி, பிறகு வண்டியே எழும்பாது.

ரவுட்டரின் 12 வோல்ற் அடப்டர் போதுமா என்று கேட்டாயே, அங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். வோல்ற் பொருந்தினால் காணாது, அம்பியரைப் பார். ரவுட்டர் அடப்டர் தருவது ஒன்று அல்லது இரண்டு அம்பியர். கைக்கு அடக்கமான பம்ப் ஓடும்போதே 10 முதல் 15 அம்பியர் வரை இழுக்கும். பம்ப்பின் பிளக் நுனியைக் கழற்றிப் பார், உள்ளே ஒரு பியூஸ் இருக்கும். அதில் 10 அல்லது 15 என்று போட்டிருந்தால், உன் பம்ப்பின் பசி எவ்வளவென்று விளங்கும். மோட்டர் நின்ற நிலையிலிருந்து எழும்பும் அந்தக் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். கார் பற்றறி அதைச் சட்டை செய்யாது. பவர் சப்ளை பயந்து மூடிக்கொள்ளும். மூடித் திறந்து மூடித் திறந்து, மோட்டர் 'டிக், டிக்' என்று துள்ளி நிற்குமே தவிர ஓடாது. 10 அம்பியர் பம்ப்புக்கு 10 அம்பியர் சப்ளை வாங்கியவர்களுக்கு நடப்பது இதுதான். பம்ப் பழுது என்று நினைத்து அதைக் கழற்றத் தொடங்குவார்கள்.

ஆகவே எல்.ஈ.டி. விளக்குப் பட்டிக்கும் சி.சி.டி.வி.க்கும் போடுகிற, ஓட்டை ஓட்டையான தகரக்கூட்டு எஸ்.எம்.பி.எஸ். ஒன்று எடு. வீட்டுக் கரண்டை 12 வோல்ற் டி.சி.யாக மாற்றித் தரும் பவர் சப்ளைதான் அது. 12 வோல்ற், 30 அம்பியர், அதாவது ஏறத்தாழ 350 வாற்ஸ். பற்றறிக் கவ்விகளோடு வரும் பெரிய பம்ப் என்றால் அது ஓடும்போதே 25, 30 அம்பியர் கேட்கும். அதற்கு இதுவும் காணாது, அதைப் பற்றறியிலேயே விட்டுவிடு.

எஸ்.எம்.பி.எஸ். கைக்கு வந்ததும் முதல் வேலை, பக்கவாட்டில் 110/220 என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்ப்பது. அது 110இல் கிடக்க நம் 230 வோல்ற்றைக் கொடுத்தால் உள்ளே கப்பாசிற்றர் வெடிக்கும். பிறகு எல் (லைவ்), என் (நியூற்றல்), ஏர்த் என்ற மூன்று முனைக்கும் மூன்று வயரையும் பூட்டு. ஏர்த்தை விட்டுவிடாதே, கூடு முழுக்கத் தகரம். 13 அம்பியர் சதுரப் பிளக் போடுவதென்றால் அதற்குள் 5 அம்பியர் பியூஸ் போதும். அந்த முனைகள் திறந்தபடி இருப்பவை. பிள்ளைகள் ஓடித்திரியும் வாசலில் அப்படியே வைக்காமல், காற்றுப் போகும் ஓட்டைகளுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வை. வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பொத்தானை அமத்திப் பார்த்துக்கொள்.

அடுத்தது வயர். இதை விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் பம்ப் இழுபடுவதற்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம். வீட்டுக்குள் சப்ளையை வைத்துவிட்டு 12 வோல்ற் பக்கத்தை மெல்லிய வயரால் வாசல்வரை நீட்டுவார்கள். அரை சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 3 மீற்றர் தூரம் போய்த் திரும்பினால், 12 அம்பியரில் இரண்டரை வோல்ற் வழியிலேயே கரையும். பம்ப்புக்குக் கிடைப்பது ஒன்பதரை. இரண்டரை சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் அதே தூரத்தில் இழப்பு அரை வோல்ற்தான். அதைவிட நல்ல வழி, நீளத்தை 230 வோல்ற் பக்கம் விடுவது. அங்கே முக்கால் அம்பியர் அளவுதான் ஓடும், சாதாரண எக்ஸ்ரென்சன் தாங்கும். சப்ளையை ரயருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, 12 வோல்ற் வயரை அரை மீற்றருக்குள் முடி. நிலம் ஈரமாக இருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

அந்த அரை மீற்றர் வயரின் முனையில், சிகரெட் லைற்றர் பிளக்கைச் செருகும் சொக்கற்றைப் பூட்டு. நடுமுள் பிளஸ், பக்கத் தகடு மைனஸ். பிளஸ் வயரில் 15 அம்பியர் பியூஸ் ஒன்று இருக்கட்டும். மாறிக் கொடுத்தாலும் பிஸ்ரன் பம்ப் காற்று அடிக்கத்தான் செய்யும், அதனால் பிழை தெரியாமலே போகும். ஆனால் இலக்கம் காட்டும் பம்ப் என்றால் அதன் போர்ட் எரியும். செருகுமுன் மல்ரிமீற்றரால் ஒருமுறை பார். பார்க்கும்போதே சப்ளையில் வி.ஏ.டி.ஜே. (V ADJ) என்று போட்ட சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பி 13.5 வோல்ற்றுக்கு ஏற்றிவிடு. ஓடும் காரில் பம்ப்புக்குக் கிடைப்பது அந்த அளவுதான்.

ஓட்டும்போது, குழாயை ரயரில் மாட்டாமல் முதலில் மோட்டரைத் தொடக்கு. எதிர்க்காற்று இல்லாததால் லேசாக எழும்பும், சப்ளைக்கும் தொல்லை குறைவு. பிறகு மாட்டு. பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஆறவிடு. சிலிண்டர் தலை கொதிக்கும், கை வைத்துவிடாதே. ஓடும்போது பிளக்கில் 11 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் வயரைப் பார். வயர் சரியாக இருந்து பிளக் நுனி சுட்டால், பக்கத்து வில்லுகளில் களிம்பு பிடித்திருக்கும். உன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் உப்புக்காற்று ஒன்றுதானே. மெல்லிய மணற்றாளால் தேய்த்துத் துடை.

உன்னிடம் கிடக்கும் பழைய கொம்பியூட்டரின் பவர் சப்ளையும் உதவும், லேபிளில் 12 வோல்ற்றுக்கு நேரே 18 அம்பியருக்குக் குறையாமல் இருந்தால். பச்சை வயரைக் கறுப்போடு இணைத்தால் எழும்பும். மஞ்சள் பிளஸ், கறுப்பு மைனஸ். ஒற்றை மஞ்சள் வயரில் இவ்வளவு கரண்டை விடாதே, மூன்று நான்கை ஒன்றாக முறுக்கு. ஆனால் தொடக்க இழுவையில் அது அடிக்கடி விழும், அதனால் நான் எஸ்.எம்.பி.எஸ். பக்கம்தான். லப்ரொப் சார்ஜரைத் தொடாதே, அது 19 வோல்ற். வெறும் ட்ரான்ஸ்போமரும் வேண்டாம். அதில் வருவது ஏ.சி., இந்த மோட்டர் டி.சி. இரைந்து சூடாகுமே தவிரச் சுற்றாது. ஸ்மார்ட் சார்ஜர் எதிரில் பற்றறியைக் காணாவிட்டால் கரண்டே விடாது.

யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ற், 7 அம்பியர்மணிப் பற்றறி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், அதைச் சார்ஜ் பண்ணி வைத்து நேராகப் பம்ப்பைக் கொடுப்பது எல்லாவற்றிலும் சுலபம். பத்து நிமிட ஓட்டத்துக்கு இரண்டு அம்பியர்மணிதான் போகும். கரண்ட் நின்ற நாளிலும் உதவும்.

புறப்படுகிற அன்று விடிய நான்கு ரயரையும் பார்க்கும்போது ஸ்பெயார் வீலையும் எடுத்து அளந்துவிடு. அது சின்ன அளவு வீல் என்றால் 60 பி.எஸ்.ஐ. வரை கேட்கும், அந்த வீலின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பம்ப்பைக் காரிலேயே போட்டு வா. இங்கே என்னிடம் சப்ளை இருக்கிறது, திரும்பிப் போகும் காலையில் வாசலில் வைத்தே பார்த்துவிடலாம்.

பிள்ளைகளுக்கும் தங்கச்சிக்கும் எங்கள் அன்பு.

உன் பழைய கூட்டாளி