பழைய கார் வைத்திருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது கூட்டங்கள் நடந்தன. நாகர்கோவிலிலிருந்து முட்டம் வரை கார்களில் போய் வந்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல நடந்தது.

இனி சாய்வுச் சட்டம், அதாவது காரைப் பூட்டி ஒருபக்கமாகச் சாய்த்து அடிப்பகுதியில் வேலை செய்யச் சங்கத்துக்காகச் செய்த இரும்புச் சட்டகம். சங்கப் பணத்தை இரும்பில் போட்டுவிட்டேன் என்று சிலர் வெளியே பேசியதாகக் கேள்விப்பட்டேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. கடற்காற்றில் உப்பும் உண்டு. மேலே பெயின்ட் மின்னும்போதே கீழே தளம் அரித்துப் போகும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் என்றால் அடியில் தாங்கும் சேஸ் தனி, பாடியைக் கழற்றித் தூக்கிவிடலாம். அம்பாசிடருக்கு அப்படி இல்லை. தளமும் பாடியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. துருப்பிடித்த இடத்தில் ஜாக்கி வைத்தால் தகரம்தான் உள்ளே போகும், வண்டி எழும்பாது.

சட்டத்துக்குப் பதில், வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யக் குழி வெட்டலாம் என்று பலர் சொன்னார்கள். நான்தான் மறுத்தேன். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், ஒரு வெல்டிங் பொறி போதும். அண்ணாந்து வெல்டிங் வைத்தால் உருகிய இரும்பு கழுத்தில் விழும்.

சட்டத்தில் பூட்டி ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டால் தளம் முழுவதும் கண்ணுக்கு நேரே வரும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துருவைச் சுரண்டலாம், பேட்ச் வைக்கலாம். முதலில் என் அம்பாசிடரைத்தான் சாய்த்துப் பார்த்தேன். சாய்ப்பதற்கு முன் பெட்ரோல், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் வடித்துவிட வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும். எஞ்சினை இறக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஓர் உறுப்பினர் வீட்டில் ஹாலோ பிளாக் அடுக்கி வண்டியை நிறுத்தியிருந்தார். அவர் டீ குடிக்க எழுந்து போன நேரத்தில் ஒரு கல் நொறுங்கி வண்டி தரையில் உட்கார்ந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், தரையில் நிற்கும் சக்கரங்கள் உருளாமல் இருக்க அண்டைக் கட்டை வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் சலிக்க மாட்டேன்.

அதற்காகவே வாங்கிய நான்கு ஸ்டாண்டுகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. எடுத்தவர்களுக்குத் தெரியும். சந்தாவைப் பாதிப் பேர்கூடக் கட்டவில்லை. கூட்டத்துக்கு வராதவர்கள்தான் சட்டம் எப்போது காலியாகும் என்று முதலில் போன் செய்கிறார்கள்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். குறைந்ததை நான் போட்டேன். கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் வெல்டிங் செய்து தந்த பட்டறைக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு யார் செயலாளராக வந்தாலும் சரி, சட்டம் மழையில் நிற்கக் கூடாது. இப்போது என் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாருக்காவது ஷெட் சும்மா இருந்தால் ஜூனுக்கு முன் சொல்லுங்கள்.

செயலாளர்