தணிக்கையாளர்களைத் தராசடிக்கு அனுப்புங்கள்

கூட்டுறவுச் சங்கங்களின் தணிக்கையாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடும் உறுப்பினன். தணிக்கையாளர்கள் உழைப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுக்கட்டாக வவுச்சர்களைப் புரட்டுகிறார்கள், கூட்டல் சரிபார்க்கிறார்கள், கையெழுத்து விடுபட்ட இடத்தைக் குறிக்கிறார்கள். ஆனால் எங்கள் தொழிலில் திருட்டு நடப்பது வவுச்சர் எழுதப்படுவதற்கு முன்பு, விவசாயிகளின் பச்சை இலையை எடை போட்டு வாங்கும் இலை மையத்தின் தராசடியில். அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுத் தருவதாகத் தெரியவில்லை.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மழை நாளில் இலை நனைந்திருக்கும். ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிப்பது நியாயம்தான். அந்த நியாயத்துக்குள் கூடுதலாக மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கப்படுகிறது என்று வையுங்கள். ஒரு மையத்துக்கு நாளொன்றுக்கு 200 மூட்டை வந்தால் 200 கிலோ. மாதம் 25 நாள் என்றால் 5,000 கிலோ. கிலோ 20 ரூபாய் என்று கொண்டால் ஒரு லட்சம் ரூபாய். இந்த எடை வேறொரு உறுப்பினர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. அவர் எடை போடுபவரின் மைத்துனராக இருக்கலாம், இறந்துபோனவராகவும் இருக்கலாம்.

இப்போது தணிக்கையாளர் வருகிறார். இலை உண்மையில் வந்திருக்கிறது, ஆகவே வரவு சரி. நூறு கிலோ பச்சை இலைக்கு 22 முதல் 25 கிலோ தூள் கிடைக்க வேண்டும் என்ற கணக்கும் இடிக்காது. பட்டுவாடாவும் ஒத்துப்போகும். ஏட்டில் ஒரு பைசாகூட உதைக்காது. பணம் போய்ச் சேர்ந்த ஆள் மட்டுமே பொய்.

இதைப் பிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், தேயிலை எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு தோட்டத்தில் இலை பறித்தால் மறுசுற்றுக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அரை ஏக்கர்காரர் பெயரில் தினமும் இலை வரவாகியிருந்தால் பேரேட்டை அங்கேயே மூடிவிட்டு அந்தத் தோட்டத்துக்கு நடக்க வேண்டும். பட்டா எவ்வளவு, தேயிலை வாரியம் கொடுத்த விவசாயி அட்டையில் பரப்பு எவ்வளவு, செடி இருக்கிறதா, காடு மண்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் இப்படியொரு கணக்கு அம்பலமானது. அதைக் கண்டுபிடித்தது எந்தத் தணிக்கையும் அல்ல. இலை பறிக்கும் அம்மா ஒருவர், "அந்தத் தோட்டத்துச் செடிகளை வெட்டிக் கவாத்து செய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லையே, அதிலிருந்து எப்படி இலை வரும்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

உலகம் முழுவதும் இதே கதைதான். சான்று பெற்ற மோசடி ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 138 நாடுகளின் 1,921 பணியிட மோசடிகளை ஆராய்ந்தது. 43 விழுக்காடு யாரோ தகவல் சொல்லி வெளிவந்தவை. சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கேயே வேலை செய்பவர்கள். வெளித் தணிக்கை கண்டுபிடித்தது 3 விழுக்காடு. அப்படியிருக்க, மனிதர்களிடம் பேசுவதற்குத் தணிக்கைப் பயிற்சியில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள்? செயலாளர் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தொழிலாளி வாய் திறப்பார்? அவரை அனுப்பிவிட்டுப் பேசுங்கள். எங்கள் மலையின் படகர் சமூகத்து முதியவர்களிடம் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். சொன்னவர் பெயர் மறுநாளே தொழிற்சாலை முழுக்கப் பரவுமானால், அதன்பின் அந்த ஊரில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பெயரைக் காக்கும் ஒழுக்கம் பயிற்சியின் முதல் நாளிலேயே வர வேண்டும்.

தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று 1896-இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில் சொல்லப்பட்டதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆலையில் நடந்தது என்ன? சரக்கிருப்பை மேலாளர் உள்ளதைவிட அதிகமாக எழுதிக் கொடுத்தார். தணிக்கையாளர்கள் நேரில் பாராமல் அவர் சான்றை ஏற்றுக்கொண்டார்கள். அன்று நீதிமன்றம் அவர்களைப் பொறுப்பாக்கவில்லை. இன்று சரக்கு எண்ணும் இடத்தில் தணிக்கையாளரும் இருக்க வேண்டும் என்பது தணிக்கைத் தரங்களிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் தொழிற்சாலைகளில் விறகு அடுக்கையும் தூள் மூட்டைகளையும் காகிதத்தில் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு, தொழிற்சாலை ஜீப்பில் ஏறி, தொழிற்சாலை கொடுக்கும் சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தணிக்கை செய்யும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஒரே ஆள் ஒரே மையத்தில் ஆண்டுக்கணக்கில் லீவு எடுக்காமல் எடை போடுகிறார் என்றால் அதை விசுவாசம் என்று மெச்சாமல், அவருக்குப் பத்து நாள் கட்டாய விடுப்பு கொடுத்து வேறொருவரை உட்கார வைக்கச் சொல்லும் துணிவு தணிக்கையாளருக்கு வர வேண்டும். அந்தப் பத்து நாள் எடைக் கழிவையும் முந்தைய மாதக் கழிவையும் ஒப்பிட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 81-ஆம் பிரிவு விசாரணை இருக்கிறது, இழப்பை உண்டாக்கியவரிடமே தொகையை வசூலிக்கும் 87-ஆம் பிரிவு தண்டத்தீர்வை இருக்கிறது என்பீர்கள். இரண்டும் பணம் போன பிறகு வருபவை. விசாரணை முடிந்து தொகை திரும்ப வருவதற்குள் உரக்கடைக் கடனுக்கு வட்டி கட்டியே எங்களில் பலர் ஓய்ந்துவிடுகிறோம்.

ஆகவே என் கோரிக்கை இது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு தணிக்கையாளரையும் இலை மிகுந்த மாதத்தில் ஒரு வாரம் இலை மையங்களில் நிறுத்துங்கள். கோத்தகிரி, குந்தா, பந்தலூர் என மூன்று இடமாவது பார்க்கட்டும்; மண்ணும் மழையும் அங்கெல்லாம் வேறு வேறு. மூட்டையை அவர்களே தூக்கித் தராசில் வைக்கட்டும். ஈரக் கழிவை அவர்களே முடிவு செய்து, பக்கத்தில் நிற்கும் விவசாயியிடம் அதற்குக் காரணம் சொல்லட்டும். அதன் பிறகு வகுப்பறையில் பேரேட்டைக் கையில் கொடுங்கள். அடுத்த பயிற்சிக்கான பாடத்திட்டம் தயாராகும் முன் இதற்கு ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டாரத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்