மஞ்சப்பைக்குள் 11 நாள் கிடந்த ரிப்போர்ட்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது சுகாதார அதிகாரிகளுக்கும், நெல்லைச் சீமையில் கிளினிக்கும் ரத்தப் பரிசோதனை நிலையமும் நடத்துகிற பெரியவர்களுக்கும்,

வணக்கம். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர். நோய்க் கணக்குக்காக நர்ஸ் எழுதுகிற எஸ் படிவம், டாக்டர் எழுதுகிற பி படிவம், லேப் எழுதுகிற எல் படிவம் எல்லாம் என்ன, 2021-லிருந்து அவை ஐஎச்ஐபி என்கிற அரசு நோய்க் கண்காணிப்பு இணையதளத்தில் எப்படி ஏறுகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் எழுத வந்தது ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் 9 வயசுப் பையனுக்கு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். பக்கத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது: டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ். காய்ச்சல் தொடங்கிய முதல் நாட்களிலேயே டெங்குவைக் காட்டுகிற பரிசோதனை அது. டாக்டர் பார்த்தார், மருந்து எழுதினார், இன்னின்ன தெரிந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றும் சொன்னார். வைத்தியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பையன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்துவிட்டான்.

நான் அப்போது மகள் வீட்டில் இருந்தேன். ஊருக்குத் திரும்பிய அன்று அவன் அம்மா ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். "நர்சம்மா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். இன்னும் நாலு வீட்டுல காச்சலா கெடக்கு." பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தேன். கம்ப்யூட்டரில் அடித்த தாள். மேலே பார்கோடு. பெயர், வயது, ரத்தம் எடுத்த நேரம் நிமிஷக் கணக்கோடு. பாசிட்டிவ் என்பது தடித்த எழுத்தில். முகவரி என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அந்தத் தாள் சனிக்கிழமை அச்சானது. கொசுப்புழு ஒழிக்க மஸ்தூர்கள் எங்கள் தெருவுக்கு வந்தது 11-ஆம் நாள், புதன்கிழமை. அதுவும் தெருவில் இரண்டாவதாக இன்னொரு வீட்டுப் பிள்ளையை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, அங்கிருந்து பட்டியல் இறங்கி வந்ததால். அந்த நாலு பேருக்கும் இவனிடமிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே தொட்டிக் கொசு எல்லோரையும் கடித்திருக்கலாம். ஆனால் டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை முழுக் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் பயிற்சி வகுப்புதான். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது அதனால்தான். 11 நாள் என்றால் ஒரு தலைமுறைக் கொசு பறந்தாயிற்று.

அந்த நாட்களில் எங்கள் ஊரிலிருந்து மேலே போன காய்ச்சல் கணக்கு என்ன தெரியுமா? பூஜ்யம். இப்போது இங்கே வேலை பார்க்கிற நர்ஸ் பிள்ளை பொய்க்கணக்கு எழுதவில்லை. அவளிடம் யாரும் வரவில்லை. வந்தவர்களைத்தான் அவள் எழுத முடியும். டவுனுக்குப் போனவர்கள் கணக்கு டவுனிலேயே, அந்தப் பிரிண்டரோடு நின்றுவிட்டது.

ஆகவே நான் கேட்பது இது. நோயை ஒருமுறை பதிந்தால் போதும் என்றாக வேண்டும். கிளினிக்கிலோ லேபிலோ பாசிட்டிவ் என்று அடித்த அந்த நிமிஷமே, தெருப் பெயரோடு, அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தானாக வந்து சேர வேண்டும். யாரும் போன் செய்து கேட்க வேண்டாம், மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டாம்.

இது முடியாத காரியம் இல்லை. காசநோயை அறிவிப்பது 2012-லேயே கட்டாயமானது. தனியார் டாக்டர்களும் நிக்‌ஷய் என்ற காசநோய்ப் பதிவு இணையதளத்தில் பதிகிறார்கள். கர்ப்பிணி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆர்சிஎச் என்கிற தாய்சேய் நலப் பதிவு எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்று வைத்தோம். தாய்மார்களே கேட்டு வாங்கிப் பதிந்தார்கள். தொற்றுநோயை டாக்டர்கள் தெரிவிக்க வேண்டும் என்று 1939 பொது சுகாதாரச் சட்டமே சொல்லியிருக்கிறது. சட்டம் இருக்கிறது, தளம் இருக்கிறது, லேபில் கம்ப்யூட்டர் இருக்கிறது. மூன்றையும் இணைக்கிற கம்பிதான் இல்லை. ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்கத்தான் என்று 14 இலக்க ஆபா எண் போட்ட அட்டை எனக்கும் எடுத்துத் தந்தார்கள். என் பிரஷர், சர்க்கரை, போன வருஷம் எடுத்த எக்கோ, எதுவும் அதில் ஏறவில்லை.

கம்பி இல்லாததன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்று ஒரு ராத்திரி வந்து பாருங்கள். எங்கள் ஊர் நர்ஸ் பிள்ளை பகலெல்லாம் தடுப்பூசி, வீட்டுப் பார்வை என்று நடந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்கிறாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். ஒரு கையில் ரிஜிஸ்டர், டார்ச்சை வாயில் கவ்வியிருக்கிறாள், மறு கைக் கட்டைவிரலால் செல்லில் அடிக்கிறாள். ஒரே தாயின் பெயரை நோட்டில் ஒருமுறை, ஒரு தளத்தில் ஒருமுறை, இன்னொரு தளத்தில் ஒருமுறை. கீழே அவள் குழந்தை அழுகிறது. கம்ப்யூட்டர் வந்தால் எழுத்து வேலை குறையும் என்று எங்களிடம் சொன்னீர்கள். நோட்டும் போகவில்லை, கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. இது எனக்குக் கோபம் தருகிறது. மறைக்க விரும்பவில்லை.

அதற்காகப் பழைய நோட்டே போதும் என்று சொல்கிறவள் இல்லை நான். 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு வந்தபோது, அது எங்கள் மாவட்டமாக இருந்த காலம், கையால் வரைந்த தெருப் படத்தில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்தோம். ஒரு புள்ளி விழுவதற்குள் பக்கத்து வீட்டில் அடுத்த காய்ச்சல். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நான் வருஷக்கணக்காக மைப்பேனாவில் எழுதிய ரிஜிஸ்டர்கள் நனைந்தன. வெயிலில் விரித்துக் காயவைத்தோம். தாள் காய்ந்தது, எழுத்து இல்லை. நீலக் கறைதான் இருந்தது. யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கிழவிகளின் காலி அட்டையைப் பார்த்து மறுபடி எழுதினோம்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டு நோய் அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணமே நின்றுபோகும். மஸ்தூருக்குத் தெருவும் வீட்டு எண்ணும் போதும். பெயரும் நோயும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும். யார் எப்போது திறந்து பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் ஜனங்கள் டவுன் கிளினிக்கில் பொய் முகவரிதான் கொடுப்பார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது, குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருதரம். டிரம்மில் பிடித்து வைக்காமல் பெண்கள் என்ன செய்வார்கள்? டிரம்மில் புழு இருந்தால் அபராதம் என்று அவர்களை மிரட்டுகிறோம். காலிப் பணியிடத்தை நிரப்பாமல் ஒரு நர்ஸ் பிள்ளையை இரண்டு துணை சுகாதார நிலையம் பார்க்கச் சொல்கிறோம். மஸ்தூர் தினக்கூலிக்கு வருகிறார், மழை நின்றால் அவருக்கு வேலையும் நின்றுவிடுகிறது. இப்படி இருந்தால் எந்தத் தளம்தான் காப்பாற்றும்?

கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடி கேட்கிறேன். லேப் ரிப்போர்ட்டில் முகவரியைக் கட்டாயமாக்குங்கள். ஒருமுறை பதிந்தது தானாக எங்கள் ஊருக்கு வந்து சேரட்டும். வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால், டெங்கு ஒன்றுக்காவது, இந்த மாவட்டத்தில் தொடங்கிப் பாருங்கள். லேப் நடத்துகிறவர்களே, உத்தரவு வரும்வரை காத்திருக்காதீர்கள். பாசிட்டிவ் வந்த அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் வருகிறேன். அந்தப் பையனின் அம்மா சம்மதித்திருக்கிறாள். ரிப்போர்ட்டை மஞ்சப்பையோடு கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருநெல்வேலி மாவட்டம்