பழைய சுரங்கம் பத்திரமான இடமல்ல

ஆசிரியருக்கு,

அணுக்கழிவைப் புதைக்கக் கைவிட்ட சுரங்கம் போதும் என்பவர்கள் ஜெர்மனியின் ஆஸ்ஸே உப்புச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும். உப்பில் ஈரமில்லை, விரிசலும் தானே மூடிக்கொள்ளும் என்று நம்பி, 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்களை இறக்கினார்கள். உப்பு வெட்டிய அறைகளோ பல ஆண்டுகள் நிரப்பப்படாமல் கிடந்தன. மலையின் பாரத்தில் தூண்கள் நசுங்கின. தெற்கு ஓரத்தில் சில அறைகளுக்கும் வெளிப்பாறைக்கும் நடுவே இருந்ததே சில மீட்டர் உப்புதான். அது விரிசல் விட்டது. 1988-லிருந்து உப்புநீர் கசிகிறது. பல ஆண்டுகளாகத் தினம் ஏறத்தாழ 12 கன மீட்டர். பீப்பாய்களைத் திரும்ப எடுக்க 2013-இல் தனிச் சட்டமே வந்தது. எடுக்கும் வேலை இன்னும் தொடங்கவே இல்லை.

கழிவைப் புதைக்க இடத்தை ஆராய்பவர்கள் பாறையின் வகைக்கு முன்னால் பழைய வெட்டு வரைபடங்களையும் துளையிட்ட பதிவுகளையும் கேட்டு வாங்கட்டும். வெட்டிய அறையிலிருந்து வெளிப்பாறைக்கு எத்தனை மீட்டர் என்பதை அளந்து காட்டட்டும்.

– ஒரு வாசகர்