வலது கால் கியர்

காலடிப்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் தங்கையும் நலமாக இருப்பீர்கள். பேரன் நடக்கத் தொடங்கிவிட்டானா, உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்பது முறை; கேட்டுவிட்டேன். நீ பதில் எழுதப் போவதில்லை. தீபாவளிக்கு எனக்கு நீ அனுப்பிய வாழ்த்துப் படம் கோபிக்கும் வந்திருந்தது, ராயபுரம் பாபுவுக்கும் வந்திருந்தது. அதே விளக்கு, அதே தாமரை. நாக்பூருக்குப் போனால் மனிதனுக்கு இவ்வளவு சிக்கனம் வந்துவிடுமா?

நான் எழுத உட்கார்ந்தது உன் புல்லட்டுக்காக. என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்பதால் தெருவே அதை என்னுடையது என்று நம்புகிறது. ஆர்.சி. புத்தகம் மட்டும் இன்னும் உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியைத் தனக்குக் கொடு என்கிறாள் என் மகள் கயல். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுப் போய்வர அல்ல; தினமும் மீஞ்சூருக்கு வேலைக்குப் போய்வர.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அவளுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதே. 2023 டிசம்பர் புயல் மழையில் நம் தெருவில் தண்ணீர் ஏறி, உன் வண்டி எஞ்சின் வரைக்கும் மூழ்கி நின்றது. எர்ணாவூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் மிதந்து வந்து வீடுகளின் சுவரெல்லாம் கறுத்துப்போனது; அதை நீ செய்தியில் பார்த்திருப்பாய். நமக்கு வெறும் தண்ணீரோடு போயிற்று. வடிந்த மறுநாளே கோபி வந்து, 'ஒரு மிதி மிதித்தால் தெரிந்துவிடும்' என்று கிக்கரில் காலை வைத்துவிட்டான். அவனை இழுத்துத் தள்ளியது கயல்தான். 'காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது மாமா. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்' என்றாள். கோபி அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை. கோபி வாயை மூடியதை நான் பார்த்த அபூர்வமான நாள் அது.

பிளக்கைக் கழற்றி, ஆயிலை இறக்கினோம். பால் கூடிப்போன டீ நிறத்தில் இறங்கியது. புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலேயே கிக்கரைச் சுற்றி, அதையும் இறக்கி, மறுபடி ஊற்றினோம். வீல் பேரிங்குகளைத் தட்டி எடுத்துக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தது, பிரேக் ஷூவைக் காயவைத்தது, பெட்ரோல் டாங்கை அலசியது எல்லாம் அவள் வேலை. நான் விளக்குப் பிடித்தேன். ரஹீம் பாய் நாற்காலி போட்டு உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார்.

பாய்க்கு இப்போது கை நடுங்குகிறது. பட்டறையைப் பூட்டிவிட்டார். ஆனால் காது அப்படியே இருக்கிறது. வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்த வால்வு சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுகிறார். கயலுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவரே. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் மேலே வந்து இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும், அப்போது வால்வைத் தூக்குகிற புஷ் ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தீப்பொறிக்கு நேரம் சொல்கிற பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை அவள் நுழைக்கிறாள், பாய் அவள் முகத்தைப் பார்த்தே 'இறுக்கம்' என்கிறார்.

கிக்கர் விஷயத்தில் அவள் நம் எல்லோரையும் அவமானப்படுத்திவிட்டாள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக இறக்குகிறாள். ஓரிடத்தில் எஞ்சின் எதிர்க்கிறது, பாயிண்ட் திறந்து ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறது. சிலிண்டர் அழுத்தத்தை இறக்கும் டீகம்ப்ரசரைப் பிடித்து இம்மியளவு தாண்ட வைத்து, விட்டுவிட்டு, மேலிருந்து ஒரே மிதி. ஐம்பது கிலோகூட இல்லாத பெண். எதிர்வீட்டுப் பையன் உடற்பயிற்சிக் கூடத்துத் தோளோடு வந்து வியர்த்துவிட்டுப் போனான். உன்னைக் கிக்கர் திருப்பியடித்த கதையை இதுவரை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்துக்கும் பதில் வராவிட்டால் சொல்லிவிடுவேன், கட்டுப்போட்ட படத்தோடு.

ஆகவே, வண்டியும் நன்றாக இருக்கிறது, பெண்ணும் கெட்டிக்காரி. பிறகென்ன என்று கேட்பாய். கால்தான் பிரச்சினை, சேகர்.

அவள் காலேஜ் நாளிலிருந்து ஓட்டுகிற வண்டிக்குக் கியர் இடது காலில், பிரேக் வலது காலில். உலகத்தில் எல்லா வண்டியும் இன்று அப்படித்தான். உன் வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நிதானமாக ஓட்டும்போது இது ஒன்றுமே இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் முன்னால் போகிற கண்டெய்னர் லாரி திடீரென்று நின்றால் மனிதன் யோசிப்பதில்லை, கால்தான் போகிறது. எங்கே போகும்? பழகிய இடத்துக்குத்தான். வலது கால் பிரேக் என்று நினைத்து ஓங்கி மிதிக்கும். அங்கே இருப்பது கியர். உன் வண்டியில் முதல் கியர் மட்டும்தான் மேலே, மற்றதெல்லாம் கீழே. அதாவது பயத்தில் மிதித்தால் வண்டி நிற்காது. அடுத்த மேல் கியருக்குப் போய் முன்னைவிட லேசாக ஓடும். இதை நினைத்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மறுபுறமும் அப்படித்தான்: கியரைக் குறைக்கலாம் என்று இடது காலை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும், பின்னால் இன்னொரு லாரி.

எண்ணூர் விரைவுச் சாலையை நீ பார்த்து வெகுகாலமாகிறது. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, வீட்டுக்கு வந்தால் ரயிலில் உட்கார்ந்து சென்ட்ரல் போகலாம். அதெல்லாம் சரி. கீழே சாலையில் அதே கண்டெய்னர், அதே மணல், அதே பள்ளம். மணலி புதுநகர் தாண்டி மீஞ்சூர் போகிற சாலை அதைவிட மோசம். துறைமுகங்களுக்குப் போகிற லாரிகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும், ஓட்டுநர் எந்த நிமிடம் கதவைத் திறப்பார் என்று சொல்ல முடியாது.

தாஸைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவன் அம்மாவைப் போன மாதம் தேரடியில் பார்த்தேன். கயல் ஹெல்மெட்டோடு நின்றிருந்தாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, 'மெதுவா போம்மா' என்று மட்டும் சொன்னார்.

கியரை இடப்பக்கம் மாற்றிவிடலாமே என்று பாபு சொல்கிறான். புதுப்பேட்டையில் அதற்கான சாமான் கிடைக்கிறது. கிடைக்கட்டும். கியர்பாக்ஸின் தண்டு வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது, பின் பிரேக் டிரம் இடப்பக்கம் ஸ்பிராக்கெட்டோடு சேர்ந்திருக்கிறது. ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கொண்டுவரக் குறுக்கே கம்பி, இணைப்பு, புஷ் என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆட்டம். ஏற்கெனவே இந்தக் கியர்பாக்ஸ் இரண்டு கியருக்கு நடுவில் தானே கண்டுபிடித்த நியூட்ரலில் போய் உட்கார்ந்துகொள்ளும்; இத்தனை ஆட்டமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிறகு குதிகாலால் தட்டினால் நியூட்ரலுக்கு வருகிற அந்தச் சின்ன லீவர் என்ன ஆகும்? சிக்னலில் நாலாவது கியரில் வந்து நின்று, ஒரே தட்டில் நியூட்ரல் போட்டு, பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்ப்பாயே, அதற்கு என்ன வழி?

இப்படி ஏன் வைத்தார்கள் என்று கயல் கேட்டாள். இங்கிலீஷ் வண்டிகளுக்கெல்லாம் வலப்பக்கம்தான் கியர் இருந்தது. 1970-களின் நடுவில் அமெரிக்கா, இங்கே விற்கிற வண்டிக்குக் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது; அங்கே விற்க வேண்டியவர்கள் எல்லோரும் மாறிவிட்டார்கள். உன் அப்பா உழைத்த நம் திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலைக்கு அந்தக் கவலை இல்லை. 1955-இல் ராணுவத்துக்காக இங்கே கொண்டுவந்த புல்லட்டை, இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி 1970-இல் மூடிய பிறகும் நாம் செய்துகொண்டே இருந்தோம். 'ஊரே மாறியது, சேகர் மாமாவின் அப்பா மட்டும் மாறவில்லையா?' என்றாள். உன் அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு அரைநாள் பதில் சொல்லியிருப்பார், ஷிப்டு சங்கு ஊதும் வரைக்கும்.

ஆனால் வாதத்தில் என்னை மடக்கியது அவள்தான். 'கால் மாறியிருக்கிறது, சரி. கை மாறவில்லையே அப்பா?' என்றாள். முன் பிரேக் எல்லா வண்டியிலும் வலது கையில். அவசரத்தில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கே. எடை முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் லேசாகிவிடும். காலை மறந்துவிட்டுக் கையைப் பழக்கினால் போதும் என்பது அவள் கட்சி. நான் சொன்னேன்: இது டிரம் பிரேக், இதை நம்பி யார் கையைப் பழக்குவது? உனக்கு நினைவிருக்கிறதே, அந்த முன் பிரேக்கைப் பிடித்தால் வேகம் குறையும் முன்பு மனம்தான் குறையும்.

பாய் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு, 'நீங்கள் யாரும் அந்த பிரேக்கை ஒருநாளும் சரியாக வைத்ததில்லை' என்றார். ஷூவை மாற்றினால் போதாது. லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஓரத்தில் மட்டும் உரசும். டிரம்மைக் கடைசலில் கொடுத்துச் சமமாக்கி, லைனிங்குக்குச் சாக்பீஸ் பூசி மாட்டிச் சுற்றி, எங்கே அழிகிறதோ அங்கே உப்புத்தாளால் தேய்த்து, முழுதும் படிகிற வரைக்கும் செய்ய வேண்டும். பிறகு சக்கர அச்சு நட்டைப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும், அப்போதுதான் ஷூவைத் தாங்கும் பிளேட் நடுவுக்கு வரும். கேபிள் புதிது. இத்தனையையும் கயல் தண்டையார்பேட்டைக் கடைசல்காரரிடம் நின்று செய்துகொண்டு வந்தாள். இன்று காலை மணலி புதுநகரில் ஆளில்லாத தெருவில் ஓட்டிப் பார்த்தேன். சேகர், உன் வண்டி நிற்கிறது. இத்தனை வருடம் ஓட்டினோம், அது நிற்கும் என்றே நமக்குத் தெரியாது.

ஆகையால் கியரில் கை வைக்கப் போவதில்லை. தன் பழைய வண்டியை அவள் தம்பியிடம் கொடுத்துவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டாமல் இதை மட்டும் ஓட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. முதலில் ஞாயிறு அதிகாலையில் என்னோடு பழவேற்காடு வரைக்கும்; லாரிச் சாலை பிறகு. அவள் ஒப்புக்கொண்டாள். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் உனக்குத் தனியாக எழுதக்கூடும், மரியாதையாகப் பதில் சொல்.

இன்னொரு தலைவலி, இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கடற்கரைக் காற்றில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பெட்ரோல் குழாயின் வாஷர் ஊறிக் கசிகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினோம், இருமல் நின்றது. மழைக்காலத்தில் டாங்கை எப்போதும் நிரப்பியே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி உன் வேலை. ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்குகிறது. 15 வருடம் கடந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை என்பது உனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் உனக்குப் பதில் அலைந்தவன் நான். இந்த முறை பெயரையும் மாற்றிவிடலாம். படிவம் 29, படிவம் 30 இரண்டும் இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் குறித்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு பதிவுத் தபாலில் அனுப்பு. கையெழுத்து ஆர்.சி.யில் இருப்பதைப்போலவே இருக்கட்டும். வங்கி மேலாளர் ஆன பிறகு போடுகிற கோழிக்கிறுக்கல் வேண்டாம்.

விலையையும் எழுது. போன வாரம் அண்ணாநகரிலிருந்து ஒருவர் காரில் வந்து, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் என்று கேட்டு, நான் நினைத்ததைப்போல மூன்று மடங்கு சொன்னார். அந்தத் தொகையை உனக்குச் சொல்ல மாட்டேன். சும்மா கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறாள் கயல், தவணையில் தருகிறாளாம். 1987-இல் உனக்கு நான் கொடுத்த முந்நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு சொல். வட்டியை விட்டுவிடுகிறேன்.

உன்,
மூர்த்தி