ஹைடியின் தாத்தா

ஆசிரியருக்கு,

வணக்கம். கதைகளில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாரையும் கனிந்த பழமாகவே காட்டியிருந்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுவிஸ் எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரியின் ‘ஹைடி’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் தகப்பன் இல்லாத ஐந்து வயதுப் பெண்ணைச் சித்திக்காரி ஆல்ப்ஸ் மலைமேல் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறாள். தாத்தாவோ ஊரே பயப்படும் சிடுமூஞ்சி. வாரி அணைப்பதெல்லாம் கிடையாது. பாலாடைக்கட்டியை இரும்புக் கம்பியில் குத்தி, பொன்னிறமாக நெருப்பில் வாட்டி, ரொட்டியில் தடவித் தருகிறார். அப்புறம் அவள் உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு முக்காலி செய்து கொடுக்கிறார். வாயால் சொல்லாமலே பாசம் தெரிந்துவிடுகிறது.

அதே மனிதர்தான், எட்டு வயதை எட்டும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்று, பேச வந்த பாதிரியாரைத் திருப்பி அனுப்புகிறார். (முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான், இந்த இடம் வந்தால் இன்றும் கோபம் வரும்.)

ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் ‘பால்யம்’ என்ற நூல் கதையல்ல, தன்வரலாறு. ஆனாலும் பேரனை மயங்கும்வரை அடித்த தாத்தாவும் கதை சொல்லித் தேற்றிய பாட்டியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அந்தத் தாத்தாக்களைப் பற்றியும் எழுதுங்களேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி