ஆண்டறிக்கை: மனநலப் பணி, கொழிஞ்சாம்பாறை வட்டாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் நம் சங்கத்தின் கண் பரிசோதனை முகாம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன. விவரம் உங்கள் கையிலுள்ள நோட்டீசில் இருக்கிறது. இந்த அறிக்கையில் நான் அதிகம் பேச விரும்புவது மனநலப் பணியைப் பற்றி.

சைக்கோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் நோய் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பதுக்கும் நடுவில்தான் தலைகாட்டுகிறது. படிக்கிற வயசு, வேலைக்குப் போகிற வயசு. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். யாரோ பின்தொடர்கிறார்கள், சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். ராத்தூக்கம் போய்விடும், குளிப்பது நின்றுவிடும். நம் பக்கத்தில் இதை முதலில் செய்வினை என்பார்கள், காற்று கருப்பு என்பார்கள். ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவார்கள், அடுத்து சோற்றானிக்கரை பகவதி கோயில். கோயிலுக்குப் போவதைச் சங்கம் ஒருநாளும் தடுத்ததில்லை. போய்விட்டு அப்படியே டாக்டரையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். ஆனால் ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிரும்’ என்ற பேச்சை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். அதில் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை வீணாகிறது, சிகிச்சையும் தள்ளிப்போகிறது. அமெரிக்காவில் 34 மையங்களில் 404 பேரை வைத்து நடந்த ரெய்ஸ் ஆய்வு, நோய் தொடங்கிச் சீக்கிரமே வந்தவர்களுக்குத்தான், மருந்தோடு ஆலோசனையும் குடும்பத்துக்கான உதவியும் சேர்ந்த கூட்டுச் சிகிச்சையால் அதிகப் பலன் கிடைத்ததாகச் சொல்கிறது.

எல்லையில் இருப்பதால் நமக்குக் கூடுதல் சிக்கல். ரேஷன் கார்டு கேரளாவில், கல்லூரியும் மில் வேலையும் கோவையில். ஹாஸ்டலில் நோய் வந்தால் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் காட்டி, வேலந்தாவளம் வழியாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறார்கள். அங்கே எழுதிய சீட்டு இங்கே வந்து சேர்வதில்லை. இங்கே ஓ.பி.யில் திரும்பவும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மலையாளம் பேசத் தெரிந்த பெரியவர்கள் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுக்கு நம் கார்டு செல்லாது. டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, இந்த அலைச்சலுக்கு நடுவில் பையனும் அம்மாவும் தொலைந்துபோகிறார்கள்.

இதற்காகத்தான் ஒரு கேஸ் மேனேஜரை, அதாவது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்கும் பணியாளரை, வைத்தோம். முதல் இரண்டு வருஷம் ஒரே ஆள், அதே குடும்பத்தோடு, எங்கே போனாலும் கூட வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1992-ல் மனநல டாக்டர் பேட்ரிக் மெக்கோரி, சைக்கோசிஸைத் தொடக்கத்திலேயே கவனிக்கத் தொடங்கிய எப்பிக் மையத்திலும் இந்த வேலைக்குத்தான் முதலிடம். நம் கேஸ் மேனேஜர் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை படித்தவர். பிள்ளைகள் அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு வீட்டைப் பற்றி, அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். பாலிடெக்னிக் படித்த பையன். செல்போன் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான், ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள் திணித்திருந்தான். அக்கா போனபோது கதவைத் திறக்கவில்லை. அவர் போய்விடாமல், திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார். அடுத்த வாரமும் அதேதான். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகொரு நாள் பையனே வெளியே வந்து உட்கார்ந்து, ஒரு கை கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டது அதற்கப்புறம்தான்.

மாத்திரை ஆரம்பித்ததும் அடுத்த தொல்லை. ‘தூங்கிட்டே இருக்கானுங்க, கை வேற நடுங்குது’ என்றார் அம்மா. பையன் மாத்திரையைக் கொல்லையில் வீசிக்கொண்டிருந்தான். அக்கா திட்டவில்லை. எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, நடுக்கம் எப்போது என்று நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டினார். டாக்டர் அளவைக் குறைத்து ராத்திரிக்கு மாற்றினார். இப்போது அவன் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு, எழுதாமல் விட்ட பேப்பர்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். குணமானபின்னும் ஒன்றிரண்டு வருஷமாவது மாத்திரை தொடர வேண்டும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம் என்பதை எல்லா வீட்டிலும் சொல்லி வருகிறோம். கஞ்சா பழகிய பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்னும் அழுத்திச் சொல்கிறோம்.

இன்னொரு வீட்டில் பிள்ளையின் காலில் சங்கிலி இருந்தது. ரோட்டுக்கு ஓடி அடிபட்டுவிடுவான் என்ற பயத்தில் கட்டியிருந்தார்கள். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் இறந்ததை நம் தலைமுறை மறக்கக் கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஆள்மாற்றி ஆள் கூட இருக்க உறவினர்களை ஏற்பாடு செய்து, அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோன பிறகு சங்கிலி கழன்றது.

படித்த டாக்டர்கள் செய்ய வேண்டியதை ஊர்க்காரர்கள் செய்யலாமா என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார், நியாயமான கேள்வி. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா மூன்றிலும், சைக்கோசிஸ் வகையைச் சேர்ந்த ஸ்கிசோஃப்ரினியா என்ற நோய் உள்ள 282 பேரிடம் நடந்த ஆய்வு 2014-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டாக்டர் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனபோது, ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஓரளவு கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. தமிழ்நாட்டுப் பகுதியைச் சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு பார்த்துக்கொண்டது. மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை, அதில் நம் பணியாளர் தலையிடுவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் கவலை ஒன்றே. பிரிட்டனில் சைக்கோசிஸைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இப்படியொரு சேவையைத் தொடங்கியபோது ஒரு கேஸ் மேனேஜருக்கு 15 பேருக்கு மேல் கூடாது என்று வகுத்தார்கள். நம் அக்காவிடம் அதைவிட அதிகக் குடும்பங்கள் சேர்ந்துவிட்டன. போனில் பேசினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திண்ணையில் உட்கார ஆள் வேண்டும். நடுராத்திரி அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணை எல்லோரும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவதாக ஒரு கேஸ் மேனேஜரை, மலையாளம் வாசிக்க எழுதத் தெரிந்தவராக, வரும் ஆண்டில் நியமிக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இதற்கு மாதச் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் உங்கள் முன் வருகிறது. இந்த அறிக்கையை ஏற்று, அந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்